பதினோராம் சேனல்

மோதலைப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை.
அதைப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.
எங்களுக்குத் தந்தது உதிரிகளை:
குழாயின் மிச்சக் காற்றில் இடறியவை,
வரிசை விலகிச் சுவரில் உரசியவை,
கற்றையோடு வந்தும் கற்றையில் சேராதவை.
அவற்றை எண்ணவேண்டும்.
எண்ணிக்கை எல்லை தாண்டினால்
ஒரு கம்பியில் ஒரு வோல்ட்டை உயர்த்தவேண்டும்;
கற்றையை அங்கே இறக்கிவிடுவார்கள்.
அதற்குத்தான் இந்தப் பலகை.
பதினாறு சேனல், இரண்டு உள்ளங்கை அகலம்,
வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
என் சாப்பாட்டு மேசைமேல்.

ஆய்வுகூடத்தில் ஏசி பழுது.
வெள்ளிப் பைக்குள் போட்டு, மடியில் ஏந்தி,
ஆட்டோவில் கொண்டுவந்தேன்.
சாரதி கண்ணாடியில் பார்த்து, மருந்தா என்றார்.
ஓம் என்றேன்.

முதலில் வெறுமையை அளக்கவேண்டும்.
கற்றை இல்லை, மூலம் இல்லை, எதுவுமே இல்லை,
அப்போதும் ஒவ்வொரு சேனலும் ஓர் எண் சொல்லும்.
அதைக் குறித்துவைத்து
பிறகு வருகிற எல்லாவற்றிலும் கழிக்கவேண்டும்.
பதினைந்து சேனல் சொன்னதையே சொன்னது.
பதினோராவது மட்டும்
நாற்பது, நாற்பது, நாற்பத்தொன்று,
நூற்றெழுபது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இன்சாப் ஈயப்பற்றுகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தான்.
"கடல் காத்து. உப்பு. கழுவுவம்."
ஸ்பிரிட்டால் கழுவி
ஹேர் டிரையரால் காயவைத்தோம்.
நாற்பது, நாற்பது, நூற்றெழுபது.
ஃபிரிட்ஜை நிறுத்தினோம். இறால் கரைந்தது.
காவலாளியைக் கெஞ்சி லிஃப்டை நிறுத்தினோம்.
ஐந்தாம் மாடி மிஸிஸ் டி க்ரெட்ஸர்
படியேறி வந்து, எங்கள் வாசலில் மூச்சு வாங்கி,
மூன்று மொழியிலும் திட்டிவிட்டுப் போனார்.
நூற்றெழுபது.

அங்கிருந்து யூதித் எழுதினாள்:
உங்கள் பின்னணி எவ்வளவு?
இந்த வீட்டை எடுத்தபோதும் கேட்டார்கள்,
படிவத்தில் ஆறு கோடு விட்டிருந்தார்கள்.
நான் இரண்டு கோட்டில் முடித்தேன்.
யூதித்துக்கு இன்னும் பதில் போடவில்லை.

துள்ளிய நேரங்களைத் தாளில் எழுதினேன்.
ஐந்து ஐம்பத்திரண்டு.
ஆறு பதினேழு.
ஆறு முப்பத்தெட்டு.
தேத்தண்ணியோடு எட்டிப் பார்த்த இன்சாப்
கடைசி எண்ணில் விரல் வைத்தான்.
"இது எண்ட கோச்சி," என்றான்.
"பாணந்துறைக் கோச்சி. இண்டைக்கு விட்டது."

கோச்சி கதிர் வீசாது. டீசல் வண்டி.
ஆனால் நிலம் நடுங்கும், தூண் நடுங்கும்,
மேசை நடுங்கும், மேசையில் பலகை,
பலகையில் பதினோராம் சேனலின் வாயிலில்
அரைவாசி அரிசி அளவில் ஒரு பீங்கான் கொள்ளளவி.
நெரித்தால் மின்னழுத்தம் தருகிற சாதி.
மற்றப் பதினைந்தும் பெட்டியில் வந்தவை.
இது ஒன்றுதான் குறைந்தது என்று
முதலாம் குறுக்குத் தெருவில் அவனே தேடி
நாற்பது ரூபாய்க்கு வாங்கி ஒட்டியது.

அவன் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
குனிந்து ரப்பர் செருப்பைக் கழற்றி,
துடைத்து, பலகைக்கு அடியில்
பக்கம் பக்கமாய் வைத்தான்.
ஏழு பன்னிரண்டுக்கு யன்னல் கிலுங்கியது,
கிளாஸில் தேத்தண்ணி வட்டம் போட்டது.
நாற்பது, நாற்பது, நாற்பத்தொன்று.

"விடியும்வரைக்கும் ஓடட்டும், மிஸ்."
என் செருப்பு அவனுக்குக் கொள்ளவில்லை.
வெறுங்காலோடு இறங்கினான்,
மழை விட்ட லேனில் சேற்றைத் தாண்டித் தாண்டி.

அறிக்கை தொடங்கினேன்:
சேனல் பதினொன்று, கொள்ளளவி மாற்றப்படும்.
செருப்பை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

ஏழு நாற்பத்தைந்துக்கு
பலகையை ஒரு கையால் தூக்கி
மறுகையால் செருப்பை உருவினேன்.
நாற்பது,
நாற்பது,
கொஞ்சம் பிந்தி
நூற்றெழுபது.
ஏறியிருப்பான்.

செருப்பைத் திரும்ப வைத்தேன்.