குடைக்காரன்

அதிபர் தந்த போட்டோக்கொப்பியில்
முகங்கள் எல்லாம் கரிக்கட்டி.
ஒல்லாந்துக் கப்பித்தான் மட்டும்
பதினொரு பொத்தானோடும் தெளிவாய் இருக்கிறான்.
அவன் காலடியில் இரண்டு தந்தம், ஒரு தேன்குடுவை,
முழந்தாளில் இரண்டு பேர்.
பின்னால் ஒரு குளக்கட்டு.
கீறினவன் வன்னிக்கு வந்திருக்கமாட்டான்:
கட்டில் நிற்பது ஊசியிலை மரம்.
அதைத் தறித்துவிட்டு
நான் மருதை வைத்தேன். யாரும் கேட்கவில்லை.

ஒட்டுசுட்டான் பள்ளிக்கூட மதில்.
மார்கழி லீவுக்குள் முடிக்கவேணும்.
சன்னம் துளைத்த இடங்களை
மேசன் கேதீசன் அடைத்துத் தந்தான்.
அடைத்தும் தெரிந்த இடங்களில்
மேகம் போட்டேன்.
அந்த வானத்தில் மேகம் கூடிப்போச்சு.

குடை பிடிக்கிறவனின் கைதான்
வரவேயில்லை.
கொப்பியில் அந்த மூலை மை ஊறிக் கிடந்தது.
கேதீசனைக் கூப்பிட்டேன்.
ஒரு பிளாஸ்ரிக் கதிரையை வைத்து
அதற்கு மேலே பிடி என்றேன்.

"ஆருக்கண்ணை?"
"ஒருத்தருக்குமில்லை. கதிரைக்கு."
"இதுக்கும் கூலி உண்டோ?"
"அவனுக்குக் குடுத்தவங்களோ தெரியேல்லை.
உனக்கு எழுதுவிப்பன்."

இருபது நிமிசத்தில் முழங்கை இறங்கியது.
இறங்கின முழங்கையைத்தான் கீறினேன்.
தோளுக்குள் இன்னும் ஒரு துண்டு இருக்கிறதாம்,
மாரிக்கு மட்டும் குத்துமாம்.
கை மாத்தட்டோ என்றான்.
படத்தில் வலக்கை.
மாத்து என்றேன்.

அப்போதுதான் மழை.
சொல்லாமல் கொள்ளாமல், நெடுங்கேணிப் பக்கமிருந்து.
நான் வாளிகளை மூட ஓடினேன்.
திரும்பிப் பார்த்தால்
கேதீசன் குடையைத் தன் தலைக்கு இழுத்திருந்தான்.
யோசித்துச் செய்ததில்லை;
மழைக்கு யாரும் செய்வதுதான்.
கதிரையில் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது.
"இஞ்சால வாங்கோவன் அண்ணை,
இடம் கிடக்கு."

காயாத நீலம்
கப்பித்தானின் சப்பாத்துவரை வழிந்தது.
அதைத் திருத்தினேன்.
குடையைத் திருத்தவில்லை.

திறப்புவிழாவுக்கு வந்த வலயத்து ஐயா
மதிலடியில் கனநேரம் நின்றார்.
"கப்பித்தானின் தொப்பி ஏன் நனைஞ்சிருக்கு?"
"மழை, சேர்."
"கொப்பியில மழை இல்லையே."
"கொப்பியில விளங்காத மூலை, சேர்."

வடை நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேதீசனின் ஒருநாள் கூலி
மாசியாகியும் பாஸாகவில்லை.
பற்றுச்சீட்டில் வேலை என்ற இடத்தில்
குடை பிடித்தது என்று எழுதியிருந்தேன்.
அப்படி ஒரு வேலை
பட்டியலில் இல்லையாம்.