இல்லம்

தொங்கல் காம்பராவில்தான் பெரிய டீவி.
ஞாயிறு ராத்திரி. மழைக்கு டிஷ் சிமிட்டச் சிமிட்ட
சுரங்கத்துக்குள் பன்னிரண்டு பேர் மாட்டிக்கொண்ட படம்.
வெள்ளைக்காரன் வாய் மூடிய பிறகும்
அவனுடைய மெட்ராஸ் குரல்
கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தது.

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள்,
நடுநடுவே என்னையும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்வதென்றால் முதலில் அந்த வெளிச்சம்.
மண்ணுக்கடியில் நாற்பது நாள் கிடந்தவர்களுக்கு
ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் அழகாய் விழுகிற வெளிச்சம்.
எங்களிடம் இருந்தது ஒரு மெழுகுதிரி.
அதுவும் பார்ப்பதற்கில்லை.
அணைந்தால் மேலே ஏறு என்பதற்கு.
அணைந்தது.
ஏறுவதற்கு மேல் இல்லை.

அப்புறம் அந்தச் சாமான்கள்.
மலையைத் துளைக்கிற மெஷின், ஹெலிகொப்டர்,
கண்ணீரைத் துடைக்க மறந்த மந்திரி.
போகவந்தலாவையில், ஆற்றோரம்,
எங்களுக்காக யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் பொலிஸ் வரும்.
பெர்மிட் இல்லாத குழியில் அகப்பட்டவன்
சத்தமில்லாமல்தான் சாகவேண்டும்,
சத்தமில்லாமல்தான் காப்பாற்றவும் வேண்டும்.
மம்பட்டி கல்லில் படும்போதெல்லாம்
மேலே யாரோ "ஷ்ஷ்" என்றது
எனக்குக் கேட்டது.
படத்தில் எல்லோரும் கத்துகிறார்கள்.

இருபத்தெட்டு அடி.
ஒன்பது மணித்தியாலம்.

மாணிக்கம் ஒளிந்திருக்கிற சரளைக்கு
சிங்களத்தில் இல்லம் என்று பேர்.
விமலே குழி விளிம்பில் குனிந்து கேட்பான்:
"இல்லம ஆவாத?"
இல்லம் வந்துவிட்டதா.
பாலேந்திரனுக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும்.
ஏழு பேர்ச் காணி தருகிறோம், வீடு தருகிறோம் என்று
மூன்று எலக்‌ஷனாகக் கேட்ட காது அது.
"வந்திருச்சு முதலாளி,
கதவுதான் காணோம்" என்பான்.

அன்றைக்கும் சொன்னான்.
சொல்லி வாய் மூடவில்லை,
கட்டைக்குப் பின்னால் செருகிய கெகில்லத் தழை
பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோல முன்னே தள்ளியது.

சினிமாவில் சாகிறவன்
கடைசியாக மனைவி பேரைச் சொல்கிறான்.
வயலின் வருகிறது.
புஷ்பலீலா சோட்டியின் மேல் பட்டனைக்
கடித்துக்கொண்டிருந்தாள்.
மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி வாசலில்,
அவளிடம் நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.
ஆற்றில் வழுக்கி விழுந்தான் என்று
உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்கள்.
அவர்களுடையது ஒரு பொய், என்னுடையது ஒரு பொய்.

பதினொரு பேர் ஏறி வந்தார்கள். கைதட்டல்.
குழியை அப்புறம் என்ன செய்தார்கள் என்று
படத்தில் காட்டவில்லை.
எங்களுடையதை விடியுமுன் மூடினார்கள்.
இப்போது லீக்ஸ் போட்டிருக்கிறது.
நல்லாத்தான் வருது.

பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு
லயமே போய்விட்டது.
வாசிக்கத் தெரியாத பெயர்கள்
திரையில் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன,
ஒவ்வொருத்தராக, பத்திரமாக.
அவள் நிறுத்தவில்லை.

"உண்மையா எம்பேரத்தான் சொன்னாரா?"

கூரைத் தகரத்தில் மழை விட்டிருந்தது.

"இல்ல.
தவணையத்தான் சொன்னான்.
டீவிக்கு இன்னும் அஞ்சு தவணை, இன்னும் அஞ்சு தவணைன்னு.
சேறு கழுத்துக்கு வந்த பொறகும் அதத்தான்."

திரை கறுத்து
எங்கள் இரண்டு பேரையும் காட்டியது.

"நாலு," என்றாள்.
"ஒன்ன நான் கட்டிட்டேன், கைக்காசுக்குக் கொழுந்தெடுத்து.
சம்பளத்தன்னைக்குச் சொல்லிக்கலாம்னு
வச்சிருந்தேன்."