பத்தில் ஒன்று

பீன்யா இரண்டாம் கட்டம்.
மூடிப்போன ஸ்பிரிங் கம்பெனிக்குப் பின்புறம்
தகரக் கூரை போட்ட எங்கள் லேபில்
ஒரு கை மட்டும் இருக்கிறது.
தோளைத் தரையோடு போல்ட் அடித்திருக்கிறோம்.
முழங்கை மூன்று, விரல் இரண்டு.
உடம்பு வாங்கப் பணம் போதவில்லை.

அதற்குத் தக்காளி எடுக்கக் கற்றுத்தரும் வேலை எனக்கு.
கற்றுத்தருவது என்பது பேச்சுக்கு.
நான் எதையும் சொல்லித்தருவதில்லை.
கேமராவின் கண்ணுக்கு
விரலிடுக்கில் தக்காளி தெரிந்தால் ஒன்று,
தெரியாவிட்டால் சைபர்.
அவ்வளவுதான் எங்கள் இருவருக்குமான மொழி.

முதல் வாரம் காற்றைப் பிடித்தது.
அடுத்த வாரம் மேஜையை.
பிறகு, சிவப்பாக இருக்கும் எதுவும் தக்காளி
என்று தானே ஒரு முடிவுக்கு வந்து
ஜோவிட்டாவின் ஹெல்மெட்டை, இரண்டு முறை.

கலாசிப்பாளையத்திலிருந்து தினம் ஒரு கிரேட் வரும்.
பில்லில் பயிற்சித் தரவு என்று எழுதச் சொன்னார்கள்.
மழையில் ஊறிய பயிற்சித் தரவு,
ஒருபக்கம் நசுங்கிய பயிற்சித் தரவு,
கிலோ நாற்பத்திரண்டு ரூபாய்.

முப்பதாம் நாள் திரையில் எண் ஏறியது.
நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.
கைதட்டினோம். டீ வந்தது.
ஜோவிட்டாதான் கூடையை எட்டிப் பார்த்தாள்.
காலி.
கேமராவுக்கும் தக்காளிக்கும் நடுவில்
விரல்களை விரித்து நிறுத்தியிருக்கிறது,
பிடித்தாற்போலத் தெரிய.
தொடவே இல்லை.

பொய் சொல்கிறது என்றேன்.
"பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டுமே.
அதற்குத் தெரிந்தது எண் ஒன்றுதான்.
நீ எழுதியதைச் செய்தது.
நினைத்ததை நீ எழுதவில்லை."

அன்றிரவு நாகசந்திரா மெட்ரோவில்
கம்பியைப் பிடித்து நின்றபடி
ஹோம்வொர்க் என்றதும்
நோட்டை மட்டும் திறந்துவைக்கும் என் மகனை
நினைத்துக்கொண்டே போனேன்.

விரல்நுனியில் அழுத்தம் அறியும் பட்டை ஒட்டினோம்.
கூடைக்கு அடியில் தராசு.
மறுபடி முதலிலிருந்து.
இப்போது நிஜமாகவே பிடித்தது.
பிடித்துப் பிழிந்தது.
சுவரெல்லாம் விதை.

ஆறு மணிக்குத் துடைக்க வருகிறவர் கெம்பம்மா.
உடைந்ததையெல்லாம்
டிபன் கேரியரின் மேல்தட்டில் வழித்துக்கொள்வார்.
சாருவுக்கு ஆகும், கொஞ்சம் வெல்லம் போட்டால் போதும் என்பார்.
தோல்விகளை நான் எண்ணினேன்.
அவர் எடை போட்டார்.

நான்காம் மாதம் விரல்கள் இளகின.
ஒரு நாளில் உடைவது நாற்பது, பிறகு பதினொன்று, மூன்று.
ஒரு புதன்கிழமை ஒன்றுகூட இல்லை.
கெம்பம்மா சுத்தமான சுவரைப் பார்த்தார்.
கேரியரைத் திறந்து, மூடினார்.
"இவத்து ஏனூ இல்வா?"
இல்லை என்று தலையாட்டினேன், ஏதோ
கடன் கேட்டவரிடம் சொல்வதுபோல.

நிரலில் ஒரு எண் உண்டு.
தெரிந்த வழியை விட்டுவிட்டு
எத்தனை தடவைக்கு ஒரு தடவை
கண்ணை மூடிக்கொண்டு எதையாவது செய்துபார்க்கலாம் என்பதற்கு.
தொடக்கத்தில் எல்லாமே அப்படித்தான்.
கற்கக் கற்க அதைக் குறைத்துவர வேண்டும்.
இந்நேரம் நூற்றில் ஒன்றாகியிருக்க வேண்டியது.
பத்தில் ஒன்று என்று விட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஏன் என்றார்கள்.
கற்றதையே செய்துகொண்டிருந்தால்
இதைவிட நல்ல பிடி ஒன்று இருப்பது
தெரியாமலே போய்விடும் என்றேன்.
உண்மைதான். பாடத்திலேயே இருக்கிறது.
எழுதிக்கொண்டார்கள்.

இன்று ஆறு உடைந்தன.
அதற்கடுத்ததில்
கலாசிப்பாளையத்திலிருந்து உதிராமல் வந்துவிட்ட
காம்பைப் பற்றித் தூக்கியது கை.
யாரும் காட்டாத பிடி.
எங்களில் ஒருவருக்கும் தோன்றாதது.
தோலில் கீறல் இல்லை.

அந்த ஒன்றைக் கெம்பம்மா கேட்கவில்லை.
நானே எடுத்து
கேரியரில் வைத்தேன்.