எழுத்துக்கு ஒரு வெள்ளி ஐம்பது

பழைய பலகையைக் கழற்றிக்
கார் போர்ச்சில் சாய்த்துவைத்து
ஆ ஹொக் எங்கள் தமிழை எண்ணத் தொடங்கினான்.
வெட்டி ஒட்டும் எழுத்து, ஒன்றுக்கு ஒரு வெள்ளி ஐம்பது.
துணைக்கால் தனியா, சேர்த்தா?
தலைக்கு மேல் நிற்கும் புள்ளிக்குக் காசு உண்டா?
கேட்டது மலாயில்.
கவுண்டரிலிருந்து நான் சொன்னேன்:
காலை எடுத்தால் டக்டர்,
புள்ளியை எடுத்தால் டாகடர.
இரண்டு பேருமே லாபிஸில் பதிவு பெறாதவர்கள்.
சிரித்துவிட்டான்.
கால் சேர்த்தே, புள்ளி இலவசம்.

டாக்டர் புனிதமலர் த/பெ சின்னையா.
எம்.பி.பி.எஸ்., மணிப்பால்.
அப்புறம் குடும்ப மருத்துவத்தில் ஒரு டிப்ளோமா,
இரவு பஸ்ஸில் கோலாலம்பூர் போய்ப் போய்
இரண்டு வருடம் படித்தது.
"அது நீளம், வேண்டாம்" என்றார் உள்ளேயிருந்து,
ஒரு குழந்தையின் காதுக்குள் டார்ச் அடித்தபடி.

காலை ஒன்பது முதல் ஒன்று,
மதியம் இரண்டு முதல் ஐந்து,
இரவு ஏழரை முதல் ஒன்பதரை.
வெள்ளி மாலை இல்லை.
ஒன்பதரை என்பது பலகையின் நேரம்.
நான் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு
குனிந்து நுழைகிறவர்கள் இருக்கிறார்கள்:
செம்பனை முள் கண்ணோரம் ஏறிய
வங்காளதேசத்துப் பையன்,
லோரியை ஓடவிட்டபடியே வந்து
பிரஷர் பார்த்துப் போகும் கதிரேசன்.
இவர்களுக்கு எழுத்து இல்லை.

ஆண்டுதோறும் புதுப்பிக்கிற சான்றிதழ்
சுவரில், எடை பார்க்கும் தராசுக்கு மேலே.
ஜனவரியில் புதியதைப் பழையதன் மேலேயே வைத்துக்
கண்ணாடிச் சட்டத்தை மூடுவேன்.
உள்ளே இருபத்திரண்டு வருடம்
ஒன்றின் முதுகில் ஒன்றாக நிற்கிறது.
இப்போது கொக்கி சரியாக விழுவதில்லை.

கடைசி வரிக்கு வந்திருந்தான்:
தோட்டத்தின் பேனல் கிளினிக்.
பதின்மூன்று எழுத்து, பத்தொன்பது வெள்ளி ஐம்பது.
"அது இனி இல்லை" என்றேன்.

மார்ச் மாதம். மருந்து அடிக்கிற பெண்கள் நான்கு பேர்
ஒரே வேனில் வந்தார்கள்.
பாக்கியவதி இரண்டு கையையும் கவுண்டரில் வைத்தாள்,
வளையல் அளவு பார்க்கக் கொடுப்பதுபோல.
வலது கையில் இரண்டு நகம் இல்லை.
அங்கே முதுகில் சுமந்து அடிப்பதும் மருந்து.
இங்கே நான் சின்ன உறையில் போட்டு
சாப்பிட்ட பிறகு என்று எழுதித் தருவதும் மருந்து.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
நாங்கள் எப்படித்தான் இத்தனை காலம் பிழைத்தோமோ.
டாக்டர் ஐந்து நாள் எம்.சி. போட்டார்.
காரணம் என்ற இடத்தில்
டின்னில் அச்சடித்திருந்த பெயரையே எழுதினார்,
எழுத்துப் பிழை வரக்கூடாதென்று
இரண்டு முறை சரிபார்த்து.

மறுநாள் தோட்டத்து ஆபீஸிலிருந்து போன்.
காய்ச்சல் என்று மாற்றலாமா,
மூன்று நாள் போதாதா?
லைனை உள்ளே கொடுத்தேன், கதவு திறந்திருந்தது.
"நகத்துக்குக் காய்ச்சல் வராதுங்க."
அவ்வளவுதான் கேட்டது.
அடுத்த மாதம் வேன் எங்களைத் தாண்டி
சிகாமட் ரோட்டில் போனது.
வாடகை நாளில் டாக்டர்
கால்குலேட்டரை இரண்டு முறை தட்டினார்.

"அந்த இடத்தில் என்ன போட?"
ஆ ஹொக் டேப்பை இழுத்துக் காட்டினான், எட்டு அங்குலம்.
நான் டிப்ளோமாவைச் சொல்லிப் பார்த்தேன்.
கையைத் துடைத்தபடி வெளியே வந்த டாக்டர்
"சும்மா விடு" என்றார்.
அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

பலகை ஏறி ஒரு வாரம்.
சாயங்காலம் மோட்டாரில் வந்து இறங்கினாள் பாக்கியவதி,
தன் காசில், முப்பது வெள்ளியை மடித்துப் பிடித்து.
நகம் பாதி வளர்ந்திருக்கிறது, கொஞ்சம் கோணலாக.
நான் அவள் கார்டைத் தேடும்போது
வாசலுக்குப் போய் அண்ணாந்து படித்தாள்,
ஒவ்வொரு எழுத்தாக.
"அக்கா, கடைசி புள்ளி கோணல்."
ஆ ஹொக்கிடம் போய்ச் சொல்ல முடியாது.
அது இலவசம்.