இடப்பக்கச் சீட்

கடிதத்தில் இவருடைய பெயரைப் பாதியில் வெட்டியிருந்தார்கள்,
'பத்மசீ' என்று நின்றது.
காரின் பெயரை மட்டும்
எழுத்தும் இலக்கமுமாய்ப் பதினேழையும்
ஒன்று பிசகாமல் அச்சடித்திருந்தார்கள்.

இடப்பக்கத்துக் காற்றுப்பை.
மோதினால் விரிய வேண்டியது
வெடிக்கவும் கூடுமாம்,
வெடித்தால் தகரத் துண்டுகள் பறக்குமாம்.
ஓட்டுகிறவர் பக்கம் பிழையில்லையாம்.
கடைசி வரி தடித்த எழுத்தில்:
திருத்தும்வரை அந்தச் சீட்டில்
ஒருவரும் இருக்க வேண்டாம்.

ஒருவரும் என்றால் நான்தான்.

டாண்டினாங் சேர்விஸ் கவுண்டரில் ட்ரேசி,
நல்ல பிள்ளை,
சாமான் கப்பலில் வருகிறது என்றாள்.
ஆடியில் கேட்டோம், கப்பலில்.
புரட்டாதியில் கேட்டோம், கப்பலில்.
'என்னைக் கொண்டுவந்த வள்ளமே
பதினெட்டு நாளில் வந்து சேர்ந்தது' என்றார் இவர்,
தமிழில்.
அவளும் சிரித்து வைத்தாள்.

நான் பின்னுக்குப் போனேன்.
முன்னுக்கு அரிசி மூட்டை ஏறியது.
இருபது கிலோ கீரிச்சம்பாவை
கார் ஆளென்று நினைத்துக்கொண்டு
பெல்ட் போடு, பெல்ட் போடு என்று கத்தியது.
இறங்கிப் போய் அதற்கும் கொளுவிவிட்டேன்.
அடுத்த சிக்னலில் நின்ற பொலிஸ்காரன்
மூட்டையை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை.

பாண் ஃபக்டரி வேலை இரவு பத்தரைக்கு முடியும்.
இவர் வந்து நிற்பார்,
கவினி தன் சின்னச் சீட்டில் வாய் பிளந்து நித்திரை,
நான் அவள் பக்கத்தில்,
கையெல்லாம் ஈஸ்ட் மணம்.
அன்றைக்குத்தான் தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தார்.
இடக்காதுக்குப் பின்னால்
வெள்ளரி விதையளவில் ஒரு தழும்பு.
பதினொரு வருஷத்தில் கண்ணில் பட்டிருக்கும்,
கேட்கத் தோன்றவில்லை.

கேட்டேன்.

நோபிள் பார்க்கில் இரண்டு சிக்னல் தாண்டியது.
கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து
'தகரத் துண்டு' என்றார்.
பிறகு கிளேட்டன் வரைக்கும்
ரோட்டைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார்.
பக்கத்தில் இருந்திருந்தால்
ரேடியோவைக் கூட்டியிருப்பார்.
வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும்
இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது,
எஞ்சினை நிற்பாட்டாமல் அதையும் சொன்னார்.

ஐப்பசியில் சாமான் வந்தது.
நாற்பது நிமிஷ வேலை, காசில்லை, கோப்பி இலவசம்.
கழற்றினதைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.
கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெடியன்
அதைச் சுடுசட்டி மாதிரித்
தள்ளிப் பிடித்துக்கொண்டு போனான்.
இவ்வளவுதான்,
ஒரு மீன் டின்.
ஏழு வருஷம் என் நெஞ்சுக்கு நேரே இருந்திருக்கிறது.
கவினி வயிற்றில் கிடந்து உதைத்தபோது
அவளுக்கும் நேரே.

இவர் முன்கதவைத் திறந்துபிடித்தார்.
கலியாணத்தன்றைக்கும் பிடிக்காத மனுசன்.
ஏறி இருந்தேன்.
இனி இவருடைய ஒரு கன்னம்தான் தெரியும்.
பின்னுக்கே இருந்திருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டே
பெல்ட்டை இழுத்துக் கொளுவினேன்.
உடனே பூட்டவில்லை.
உள்ளே ஏதோ நெரிந்தது,
ஒரு அரிசி.