ஏப்ரல் மண்

காலை ஏழு மணிக்கு இந்த மண் இரும்பு.
குதிகாலால் ஓங்கிக் குத்தினால்
முழங்காலில் வலிக்கிறது.
ஸ்டைன்பாக்கிற்கு வெளியே, தீவன ஆலையின் பின்பக்கம்,
மைனஸ் நான்கு.
பூம் லிஃப்டை உள்ளே விடுமுன்
நிலத்தை நடந்து பார்ப்பது என் வழக்கம்.
டுவெய்னுக்கு அது காப்பி குடிக்கக் கிடைத்த சாக்கு.

அக்டோபரில் குழாய் புதைத்த பள்ளம்
எந்த வழியாகப் போகிறதென்று
வரைபடத்தில் ஒரு பதில், குழாய்க்காரனிடம் இன்னொன்று.
புல் செத்துக் கிடந்த கோடுதான் சரியாகச் சொன்னது.
ஆரஞ்சுக் கொடி நான்கு இருந்தது, நட்டேன்.
ஐந்தாவது இடத்தில்
என் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக்
கல் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன்.

கொக்கியை மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன்.
இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்,
வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து
திரும்பி வருகிறவனைப் போல.
கீழே மரிசெல் நிற்கிறாள்.
என்னைத் தரையிலிருந்தே இறக்கத் தெரிந்த ஒருவர்
கீழே இல்லாமல் நான் ஏறுவதில்லை.

மானிட்டோபா தட்டை என்பார்கள்.
பதினாறு மீட்டரில், கூடைக்குள்
தகரத்துக்குத் திருகு முடுக்குகிறவனைக் கேளுங்கள்:
கீழே ஒரு விரல் சாய்ந்தால்
மேலே ஓர் ஆள் சாய்கிறான்.

மதியம் கூரைப்பனி சொட்டத் தொடங்கியது.
பிளஸ் ஆறு.
எல்லோரும் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டார்கள்,
மண்ணும்.

"பூமை இறக்காமலே எட்டு மீட்டர் தள்ளி வா,
பத்து நிமிஷம் மிச்சம்" என்றான் டுவெய்ன்.
மழை வருகிறது, தகரம் பாக்கி கிடக்கிறது,
அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.
பதில் சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் வாக்கி டாக்கியில் மரிசெல்:
"பின் இடது சக்கரம்.
காலையில் நான் போட்ட சாக்பீஸ் கோட்டைக் காணோம்."

கொடிக்கு அப்பால் அது. பள்ளமே இல்லை.
நல்ல நிலம் என்று நானே நம்பிய இடம்.

அப்புறம் சாய்வு அலாரம். கீ, கீ, கீ.

உடம்புக்கு ஒரே சொல்தான் தெரியும்: இறங்கு.
கை இறக்கும் நெம்புகோலுக்குப் போய்விட்டது.
கூடையோ சரிவின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது.
இப்போது இறக்கினால்
பாரம் இன்னும் வெளியே போகும்,
வெளியே போன பாரம் மெஷினையும் கூட அழைக்கும்.
முதலில் உள்ளே. பிறகுதான் கீழே.
ஒரு நெம்புகோலிலிருந்து கையை எடுத்து
அடுத்ததில் வைக்க எவ்வளவு நேரம்?
ஒரு மாமாங்கம் என்பேன்.
மரிசெல் அரை நொடி என்கிறாள்.

உள்ளே, உள்ளே,
இரும்பு இரும்புக்குள் நத்தையாய்ப் போனது.
அலாரம் நிற்கவில்லை, காதுதான் அதை விட்டுவிட்டது.
காட்டு வாத்துகள் வடக்கே போயின,
வரிசை கோணலாக.
பிறகு கீழே.

கணுக்கால் வரை மண் என்னை வாங்கிக்கொண்டது.
டுவெய்ன் சக்கரத்தைப் பார்த்தான், பூமைப் பார்த்தான்,
ஒன்றும் பேசாமல் லாரியிலிருந்து
கனத்த பலகைகளை இறக்கப் போனான்.
பதிவேட்டில் மரிசெல் எழுதினாள்:
ஒன்று இருபது. சேறு.
எனக்கு அதில் இன்னும் நான்கு வரி வேண்டியிருந்தது.

மறுநாள் காலை மறுபடி இரும்பு.
சக்கரம் புதைந்த குழி
டயரின் வரிகளோடு அப்படியே உறைந்திருந்தது.
டப்பா மூடி பனிக்கட்டிக்குள்.
சுத்தியலால் தட்டி எடுத்தேன், விளிம்பு நெளிந்துவிட்டது.
மணியைப் பார்த்துக்கொண்டேன்.
முதலிலிருந்து நடக்கத் தொடங்கினேன்.