சமையலறைக்குக் கீழே

பதினொரு வாரிசுகள் கையெழுத்திட்டார்கள்.
பத்துப் பேர் ஒரே மேசையில், ஒரே பேனாவில்.
பதினொன்றாவது ஆள் லக்சம்பர்க்கில் லாரி ஓட்டுகிறார்.
அவர் ஒப்பம் மூன்று வாரம் கழித்துத் தபாலில் வந்தது,
ஓரத்தில் டீசல் கறையோடு.
அதன் பிறகுதான் வீடு உங்களுடையது என்றார் நோட்டரி.
ஃபிர்மீனு சாவியை வாங்கினான்.
உள்ளங்கை நீளம், கால் கிலோ எடை.
"இது கதவுக்கா, ஊருக்கா?"

செதூபலில் இருபத்திரண்டு வருட வாடகை.
ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும்.
இங்கே முதல் நாளே ஆறு ஆணி அடித்தேன்,
மாட்ட எதுவுமில்லை, சும்மா.

ஊர் குன்றின் மேல்.
கீழே குவாதியானா ஆறு;
அக்கரை நாய் குரைத்தால்
இக்கரை நாய் பதில் சொல்லும்.
தேவாலயம் முன்பு மசூதி,
அதற்கும் முன்பு வேறென்னவோ.
காப்பிக்கடை எவரிஸ்துவுக்கு
அந்த வரிசை மொத்தமும் மனப்பாடம்.
சில்லறைதான் சரியாக எண்ண வராது.

கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்பார்கள்.
நாங்கள் வெட்டியது
பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் குழாய் போட.
இரண்டடி ஆழத்தில் கடப்பாரை
வேறு குரலில் பேசியது.
கொத்தனார் பெல்மீரு அதைச் சுவரில் சாய்த்துவிட்டுத்
தொப்பியைக் கழற்றினார்,
சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்.
"சட்டப்படி சொல்லியாக வேண்டும், அம்மா."

நகராட்சியிலிருந்து ஸுல்மீரா வந்தாள்.
முழங்காலில் ரப்பர் பட்டை,
சட்டைப்பையில் பல் துலக்கும் பிரஷ்.
மண்ணை ஊதினாள், தடவினாள்,
மயங்கிக் கிடப்பவரை எழுப்புவதுபோல.
எழுந்தது ஒரு வாசற்படி.

எண்ணூறு வருடம் இருக்கலாம் என்றாள்.
வேலையை நிறுத்துங்கள் என்றாள்.
எத்தனை நாள் என்று கேட்டோம்.
நாள் கணக்கில் அவளுக்குப் பழக்கமில்லை.

பதினான்கு மாதம்
குழியைச் சுற்றிச் சமைத்தோம்.
மஞ்சள் நாடாவைத் தாண்டி உப்பை எடுத்தோம்.
குளியலறையில் தட்டு கழுவினோம்.
உரித்த வெங்காயம் ஒன்று கைதவறிப்
பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் உருண்டது;
ஏணி வைத்து இறங்கி, எடுத்து,
கழுவி நறுக்கினேன்.
வங்கிக்கு எந்த நூற்றாண்டும் பொருட்டில்லை,
எட்டாம் தேதி தவணை போய்விடும்.

விற்றுவிடலாம் என்றான் ஃபிர்மீனு, ஜனவரியில்.
வீட்டை வாங்குவார்கள்,
ஓட்டையை யார் வாங்குவார் என்றேன்.
அன்றிரவு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
மழை. மின்சாரம் போயிருந்தது.
டார்ச்சோடு குழிக்குள் போய் உட்கார்ந்தேன்,
வீட்டில் காற்று வராத இடம் அது ஒன்றுதான்.

நான் பல்செட் செய்கிறவள்.
தேய்மானத்தைப் பார்த்து
எந்தப் பக்கம் மெல்கிறவர் என்று சொல்லிவிடுவேன்.
படி நடுவில் தேயவில்லை.
இடது ஓரம் மட்டும் குழிந்திருந்தது,
கரண்டிபோல.

அப்படியென்றால்
வலது பக்கம் எதுவோ இருந்திருக்கிறது.
ஒரு தாழியோ, மூட்டையோ.
நாளைக்கு நகர்த்துகிறேன் என்று யாரோ சொல்லி,
இன்னொருவர் நம்பி,
தலைமுறைக்கும் நகராமலே போன எதுவோ.

டார்ச்சை மேலே திருப்பினேன்.
எங்கள் கதவருகே, வலது பக்கம்,
ஃபிர்மீனு பிரிக்காத நான்கு பெட்டிகள்.

சிரித்த சத்தம் கேட்டு
எழுந்து வந்துவிட்டான்.

மே மாதம் மூடினார்கள்.
துணி விரித்து, மணல் கொட்டி, மேலே ஓடு.
கடைசிக் கூடை மணலுக்கு முன்
ஃபிர்மீனு எதையோ உள்ளே நழுவவிட்டான்.
செதூபல் வீட்டு மாற்றுச்சாவி,
திருப்பிக் கொடுத்ததாக
அவன் சத்தியம் செய்திருந்தது.
ஸுல்மீரா பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை, குறித்துக்கொண்டாள்.

அறிக்கையின் நகல் வீட்டுக்கு வந்தது.
அடியிலிருந்து மேலாக ஐந்து அடுக்குகள்.
கடைசி வரி:
"மேலடுக்கு. ஒரு சாவி, வெங்காயத் தோல்.
குடியிருந்தோர் இருவர். தொடர்கிறது."

தொட்டியில் இப்போது தண்ணீர் நன்றாகப் போகிறது.
பெட்டிகள் அங்கேயே இருக்கின்றன.
இடது ஓரமாகத்தான்
உள்ளே வருகிறோம்.